காண்டம் வரையும் மேலாளர்

மலாக்கா மாநிலத்துத் தமிழரிடையே கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் உருவாகி, இன்று ஆயர் குரோ, செங், பத்து பிரண்டாம் வட்டாரத்துத் தாமான்களில், அதாவது வரிசை வீடுகளாலான குடியிருப்புகளில், பரவலாகக் காணப்படும் ஒரு மனித வகைக்குத் திட்ட மேலாளர் என்று பெயர். ஒரு வேலையை இன்ன நாளில் தொடங்கி, இன்ன செலவில், இன்ன ஆட்களைக் கொண்டு, இன்ன நாளில் முடிப்பது என்று வகுத்துக் கண்காணிப்பவர் என்பதே இச்சொல்லின் பொருள். அந்த வேலையைச் செய்பவர் என்பது பொருளன்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போதும் கழுத்திலிருந்து கழற்றப்படாத அடையாள அட்டையைக் கொண்டும், எந்தக் கேள்விக்கும் நிறத்தால் விடை சொல்லும் பழக்கத்தைக் கொண்டும் இவரை எளிதில் இனங்காணலாம். ஒழுங்காக நடக்கும் வேலைக்குப் பச்சை, இழுபறியாக இருப்பதற்கு மஞ்சள், கெட்டுப்போனதற்குச் சிவப்பு என்பது இவருடைய தொழிலின் மரபாகையால், மாமியாருக்கு உடம்பு எப்படி என்று விசாரிப்பவரிடம் "மஞ்சள்தான், நாளைக்குள்ள பச்சைக்கு வந்துரும்" என்று சொல்லி, மஞ்சள் காமாலையோ என்று கேட்டவரைப் பதறவைப்பது இவருக்குப் புதிதன்று.

இவருடைய குலவரலாறு 1896இல் தொடங்குகிறது எனலாம். அவ்வாண்டில்தான் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டார். அவரும் அவருக்குப் பின்வந்தோரும் திறந்த தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, ஊருக்குப் போய்ச் சொந்தக்காரரையும் சாதிக்காரரையும் திரட்டிக்கொண்டு வந்த கங்காணியே இம்மண்ணில் தமிழர் கண்ட முதல் திட்ட மேலாளர். காலையில் வேலைக்கு வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் இத்தனை காசு என்று கங்காணிக்கு ஒரு படி கிடைத்தது. அதற்குத் தலைக்காசு என்று பெயர். இந்திய அரசு 1938இல் உடலுழைப்புத் தொழிலாளரை உதவித்தொகையோடு மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்ததோடு அந்த ஆள்திரட்டு ஓய்ந்தது என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. தலையை எண்ணுவது மட்டும் ஓயவில்லை. இன்றைய மேலாளர் மனிதரை 'ரிசோர்ஸ்' என்கிறார், 'எனக்கு இரண்டரை ரிசோர்ஸ் வேண்டும்' என்று எழுதிக் கேட்கிறார். அரை ஆள் என்றால் பாதி நேரம் மட்டும் வேலை செய்பவர் என்று இத்துறையில் பொருள். கங்காணி எத்தனை கொடுமைக்காரராக இருந்திருந்தாலும் ஆளை முழுதாகவே எண்ணினார் என்பதை நேர்மை கருதிப் பதிவு செய்தாக வேண்டும்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் பதினேழு மென்பொருள் வல்லுநர்கள் கூடி, வேலையைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி விரைந்து முடிக்கும் 'அஜைல்' என்னும் முறைக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். அம்முறையினர் நாள்தோறும் பதினைந்து நிமிடம் நின்றபடியே ஒரு கூட்டம் நடத்துவர். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன முடியும், எது தடை என்ற மூன்று கேள்விகளுக்கு மேல் அதில் பேச்சில்லை. மலாக்கா மேலாளர் இதை ஒரு மேனாட்டுக் கண்டுபிடிப்பாகத் தம் தாத்தாவிடம் விளக்கும் காட்சி, இச்சொற்சித்திரத்தின் மிகவும் இரக்கத்துக்குரிய பகுதியாகும். பொழுது விடியுமுன் தோட்டத்து மக்கள், மண்டோர் எனப்படும் மேற்பார்வையாளர் முன் நின்றபடியே பெயர் கொடுத்து, பால் வெட்ட வேண்டிய மரநிரையைப் பங்கிட்டுக்கொண்டு கலைவதற்குப் பெரட்டு என்று பெயர். 'பரேட்' என்னும் அணிவகுப்புச் சொல்லின் தமிழ்ப் பேரன் அது. ஐம்பதாண்டுக் காலம் பெரட்டுக்கு நின்ற தாத்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மண்டோர் ஒரே கேள்விதான்யா கேப்பாரு, அதுக்குப் பதிலயும் அவரே சொல்லிருவாரு" என்கிறார். மூன்று கேள்வியை ஒன்றாகச் சுருக்கிய இந்தத் திறனைப் பற்றி அறிக்கை எழுத எவரும் மலை விடுதிக்குப் போகவில்லை.

அலுவலகத்தில் இவரைச் சகித்துக்கொள்வதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இவருடைய கலை முழுவதும் சம்பளமின்றி வெளிப்படுவது தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில்தான். ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகி, லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள் இடிபட்ட பிறகும் கோயில் மட்டும் நிற்கிற இடங்கள் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் உண்டு. ஆண்டுக்கொருமுறை சிதறிய குடும்பங்கள் அங்கே கூடும்போது, படித்த பிள்ளை என்பதால் இவரிடம் செயலாளர் பொறுப்பு வந்து சேர்கிறது. வந்தவுடன் இவர் செய்யும் முதல் வேலை, திட்டத்தால் பாதிக்கப்படும் எல்லாத் தரப்பினரையும் பட்டியலிடுவது. ஆங்கிலத்தில் 'ஸ்டேக்ஹோல்டர்' எனப்படும் இவர்களைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று யோசித்து இவர் 'பங்காளிகள்' என்று மொழிபெயர்த்துச் சுற்றறிக்கை அனுப்ப, அச்சொல் எவ்வளவு பொருத்தமானது என்பதை முதல் கூட்டமே மெய்ப்பிக்கிறது.

அடுத்து வருவது காண்ட் சார்ட். ஹென்றி காண்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1910களில் பரவலாக்கிய இவ்வரைபடத்தில் நாள்கள் மேலே வரிசையாகவும், வேலைகள் பக்கவாட்டில் பட்டைகளாகவும் நிற்கும். சுவரில் ஒட்டப்பட்ட இத்தாளைக் கோயில் பெரியவர்கள் நாடி சோதிடத்துக் காண்டம் என்றே முதலில் எண்ணினார்கள். எதிர்காலத்தை நாள் தேதியோடு சொல்வதில் இரண்டும் ஒன்று என்பதால் அப்பிழையைத் திருத்த எவரும் முனையவில்லை. நாடி சோதிடராவது நடந்து முடிந்ததைச் சரியாகச் சொல்லி நம்பிக்கை பெறுவார் என்ற வேறுபாடு பிறகுதான் தெரியவந்தது.

இடர்ப்பதிவேடு என்று இன்னொன்றும் உண்டு. என்னென்ன கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை நியமிக்கும் ஏடு அது. மழைக்குப் பொறுப்பாளர் யாரென்ற கட்டத்தில், நெடிய விவாதத்துக்குப் பின், 'அம்மன்' என்று ஏகமனதாக எழுதப்பட்டது.

கூட்டம் நடத்தும் நுணுக்கத்தை இவர் பார்க்கின்சனின் நூலிலிருந்து கற்றதாகச் சொல்வார். 1950களில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த அவர், கொடுத்த காலம் முழுவதையும் நிரப்பும்படி வேலை பெருகும் என்று 1955இல் எழுதிப் புகழ்பெற்றவர். ஒரு குழு பெருந்தொகைச் செலவைச் சில நிமிடங்களில் நிறைவேற்றிவிட்டு, சைக்கிள் கொட்டகையைப் பற்றி நெடுநேரம் வாதிடும் என்றும் காட்டியவர். சிங்கப்பூரில் அவர் கலந்துகொண்ட கூட்டங்கள் எவையென்று ஆராய்வது சுவையாக இருக்கும். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆயிரக்கணக்கான வெள்ளி கைதட்டலோடு நிறைவேற, பாயாசத்துக்குச் சவ்வரிசியா சேமியாவா என்பதில் கூட்டம் நள்ளிரவைத் தாண்டுகிறது.

இவருடைய அறிவு முதன்முதலாக அடிவாங்குவது தீமிதியில். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்க முடியும் என்று கோத்து நிற்கும் வேலைகளுள் மிக நீண்ட சங்கிலிக்கு முக்கியப் பாதை என்று பெயர். அதில் ஒரு கண்ணி தாமதித்தால் முழுத் திட்டமும் தாமதிக்கும். டூபாண்ட் நிறுவனத்தின் ஆலை வேலைகளுக்காக 1957 வாக்கில் வகுக்கப்பட்ட இக்கணக்கைத் தலைகீழாக அறிந்த மேலாளர், தீ மூட்டப் பத்து நிமிடம், மிதிக்க ஒரு மணி நேரம் என்று இரண்டு பட்டைகளையும் ஒட்டி வரைந்திருந்தார். முன்னாள் மண்டோர் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, கட்ட எரிஞ்சு கனிஞ்சாத்தான் பூவாகும். கனியறதுக்கு ஒங்க தாள்ல எடமே இல்லையே" என்றார். எவரும் எதுவும் செய்யாமல் காத்திருக்கும் நேரமும் வேலைதான் என்பதை அட்டவணைகள் எளிதில் மறந்துவிடும்; நண்பகலிலேயே கட்டை அடுக்கித் தீ வைத்திருந்த மண்டோர், தாளைத் திருத்தும்படி கேட்கக்கூட இல்லை.

பிறர் வேலைகளை இவ்வாறெல்லாம் வகுப்பவர் தம் பிழைப்பைப் பற்றி முடிவெடுக்கும் முறைதான் ஆய்வாளரை வியக்கவைப்பது. இவருடைய தாத்தாவுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. பால்மரம் வெட்டுவதா வேண்டாமா என்று அவரை எவரும் கேட்கவில்லை, பிள்ளை கிராணியாகிவிட்டால், அதாவது தோட்ட அலுவலக எழுத்தராகிவிட்டால், அதுவே குலத்தின் உச்சம். 1970களில் பத்து பிரண்டாமில் தடையற்ற வணிக வட்டாரம் வந்து, 1973இல் சீமென்ஸ் போன்ற மின்னணு ஆலைகள் திறக்கப்பட்டபோது, அம்மாவும் அத்தையும் ஆலை வேலைக்குப் போவதென்று முடிவெடுத்தார்கள். அதற்கு அவர்களுக்கு ஓர் இரவு போதுமானதாக இருந்தது.

பேரனோ சிங்கப்பூர் வேலைக்குப் போவதா, மலாக்காவிலேயே இருப்பதா என்று நான்காண்டுகளாக மதிப்பெண் அட்டவணை ஒன்றைப் பராமரித்து வருகிறார். சம்பளம், தொலைவு, வீட்டுக் கடன், பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி, அம்மாவின் முட்டிவலி என ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எடை கொடுத்து, கிடைத்த புள்ளிகளைப் பெருக்கிக் கூட்டினால் விடை தானே வரும் என்பது இம்முறையின் கொள்கை. ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று மலேசிய வெள்ளியைத் தாண்டியதிலிருந்து சிங்கப்பூர் வென்றுகொண்டே இருக்கிறது. வென்றதும் இவருக்குப் பயம் வந்து முட்டிவலியின் எடையைக் கூட்டுகிறார். மலாக்கா வென்றால் கணக்கில் பிழையிருக்குமென்று ஐயுற்றுச் சம்பளத்தின் எடையைக் கூட்டுகிறார். போனது திரும்பாது, ஆகவே செலவழிந்த பணத்தை நினைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்னும் மூழ்கிய செலவுக் கொள்கையை அலுவலகத்தில் ஆண்டுதோறும் பாடமாக நடத்துபவர், போன தீபாவளிக்கு அடித்த வண்ணத்தை எண்ணி வீட்டை வாடகைக்கு விட மறுக்கிறார்.

கடைசியில் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று பதிலுக்கு வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருந்த வாரத்தில், பசியாறிக்கொண்டிருந்தவரிடம் அம்மா தேநீரை வைத்துவிட்டு, "ஐயா, வர்ற வருசம் மூணாம் நாள் உபயத்த ஒம் பேருல எழுதச் சொல்லிட்டேன், முன்பணமும் குடுத்தாச்சு" என்றார். உபயம் என்பது ஒருநாள் பூசைச் செலவைக் குடும்பம் ஏற்பதாகும். ஏற்றவர் அன்று கோயிலில் நிற்க வேண்டும், அதற்கு முந்தைய ஏற்பாடுகளுக்கும் ஊரில் இருக்க வேண்டும். மேலாளர் சிறிது நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்து, 'பணி குறித்த முடிவு' என்ற பட்டையின் இறுதி நாளை முந்தைய நாளுக்கு இழுத்து வைத்து, தவணைக்கு முன்பே நிறைவேறியது என்று குறிப்பெழுதி, பச்சை வண்ணம் பூசினார்.