நாலு மில்லிமீட்டர் காது

நான் பேசுவதை முழுக் கவனத்தோடு கேட்பதற்கென்றே என் வீட்டுக்கு ஒரு ஜீவன் வந்து சேர்ந்தது. பிறந்த ஊர் ஜப்பான். சான்கென் கம்பெனியின் காஸ்-11டி என்று குலம் கோத்திரம் சொன்னார்கள். குறுக்களவு நாலு மில்லிமீட்டர். விலை முப்பதாயிரத்துக்கு மேல் என்ற தகவலை மட்டும், அதை என் மார்பில் ஒட்டி முடித்த பிறகு சொன்னார்கள். அப்புறம் சொந்த மூச்சைக்கூட என்னால் உரிமையோடு விட முடியவில்லை.

என் மச்சினன் மகன் சினிமா எடுக்கிறான். படம் முழு நீளம். காசு மட்டும் குறும்படத்துக்கு உண்டானது. நங்கநல்லூரில் எங்களுடையது பழைய தனி வீடு. ஊஞ்சல் உண்டு, சிவப்பு சிமெண்ட் தரை உண்டு, வாடகை கிடையாது, சாப்பாடு அத்தை போட்டுவிடுவாள். இத்தனை சாதகங்களைக் கணக்குப் போட்டவன், மீனம்பாக்கம் விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. "டப்பிங்தானேடா, ப்ளேன் போனால் என்ன?" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் என் தலைமுறை மொத்தத்துக்குமான இரக்கம் இருந்தது.

"லைவ் சவுண்ட் மாமா!"

எனக்கும் இரண்டு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாவிட்டால் வயதுக்கு என்ன மரியாதை? பேசும்படம் வந்த புதிதில் எல்லாமே நேரடிப் பதிவுதான், கதாநாயகன் பாடுவான், மரத்துக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள் ஒளிந்து உட்கார்ந்து வாசிப்பார்கள் என்று ஆரம்பித்தேன். அவன் முடித்து வைத்தான். காமிரா ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தபோது, அர்ரிஃப்ளெக்ஸ் 2சி ஓடுகிற சத்தத்தில் காதல் வசனம் கேட்காதாம். குரலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டப்பிங் தியேட்டருக்குத் தள்ளினார்கள்; அதுவே பழக்கமாகிவிட்டது. 2001-ல் 'லகான்', 2004-ல் கமல்ஹாசனின் 'விருமாண்டி' என்று அந்தப் பழக்கத்தை உடைத்தவர்களின் பட்டியலை ஒப்பித்தான். ரசூல் பூக்குட்டி 2009-ல் ஆஸ்கர் வாங்கியதை அவன் சொன்ன தோரணையில், அடுத்த ஆஸ்கர் நங்கநல்லூருக்கு என்பது முடிவாகிவிட்டதாகத் தெரிந்தது.

எனக்குத் தாத்தா வேடம். ஈஸி சேரில் பேப்பர் படித்தபடி ஒரே ஒரு வசனம்: "வந்தவங்களுக்குக் காபி குடுத்தியா?" கல்யாணமான நாளிலிருந்து ஒத்திகை பார்த்து வருகிற வசனம். பயமே இல்லை.

பயம் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் உருவத்தில் வந்தது. ஒரு பெண், என் மகள் வயது. வயிற்றுக்கு முன்னால் தொங்கிய பையில் ரிசீவர்கள், ரெக்கார்டர், பாட்டரி எல்லாம் அடைந்து கிடந்தன. காமிராக்காரர்கள் வந்தால் ஜன்னலையும் சுவரையும் பார்ப்பார்கள். இவள் ஹால் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, குற்றப்பத்திரிகை வாசிக்கிற நிதானத்தோடு ஆரம்பித்தாள். "ஃபேன். ஃப்ரிட்ஜ். இன்வெர்ட்டர். சுவர்க்கடிகாரம். பக்கத்து வீட்டு கிரைண்டர். சம்ப் மோட்டார். அப்புறம்..." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "சார், உங்க வேஷ்டி."

கஞ்சி போட்ட எட்டு முழம். நான் காலை மாற்றிப் போட்டால் மொடமொடவென்று அது சொந்தமாக வசனம் பேசுமாம். பட்டு, பாலியெஸ்டர், கஞ்சி மூன்றும் காலர் மைக்குக்குப் பரம விரோதிகள். பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்ற என் மனைவியைப் பார்த்து அந்தப் பெண் மிகுந்த மரியாதையோடு, "அத்தை, காட்டன் ஏதாவது..." என்று இழுத்தாள். அதன் விளைவுகளை இங்கே விவரிப்பதற்கில்லை.

மற்ற குற்றவாளிகளுக்கெல்லாம் தண்டனை சுலபம். ஃபேனை அணைத்தார்கள். கடிகாரத்தைப் போர்வையில் சுற்றிப் படுக்கையறைக்கு அனுப்பினார்கள். ஃப்ரிட்ஜை அணைத்தவள், தன் கார் சாவியை எடுத்துத் தயிர்ப் பாத்திரத்தின் மூடிமேல் வைத்துக் கதவைச் சாத்தினாள். என் மனைவி என்னைப் பார்த்தாள்; நான் விட்டத்தைப் பார்த்தேன். அது சவுண்ட்காரர்களின் பழைய உபாயமாம். ஷூட்டிங் முடிந்த களைப்பில் அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்துவிட்டுக் கிளம்பிவிடுவது உண்டு. சாவி உள்ளே இருந்தால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. இப்படிப்பட்ட அறிவுள்ள பெண் ஒருத்தி நம் வீட்டுக்கு வாய்க்கவில்லையே என்று மனைவி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சுக்காக ஒரு டேக் காத்திருந்தது.

அணைக்க ஸ்விட்ச் இல்லாத சாதனம் வீட்டில் நான் ஒருவன்தான். வலது முட்டி எழுந்தால் ஒரு சத்தம், உட்கார்ந்தால் வேறு சத்தம். பதினோரு மணிக்கு மேல் வயிறு தனிக் கச்சேரி. பேப்பரைப் புரட்டினால் சரசரப்பு. அதன்மேல் தண்ணீர் தெளித்து நமக்க வைத்துக் கொடுத்தார்கள். ஈரத் தலையங்கத்தைப் படித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மைக் ஒட்டுவது ஒரு சடங்கு. துணி டேப்பை முக்கோணமாக மடித்து, பசைப்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி இரண்டு செய்து, நடுவில் மைக்கை வைத்து, ஒரு பக்கம் சட்டையிலும் மறுபக்கம் மார்பிலும் ஒட்டுகிறார்கள். துணியும் தோலும் ஒன்றாக நகர்ந்தால் உரசல் இராது. கழற்றும்போது ரோமமும் ஒன்றாக நகர்ந்துவிடுகிறது என்பதை அவர்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை. "இதை எதற்கு ஒளிக்க வேண்டும்? சட்டைமேலேயே குத்திவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரில் அழித்துவிடக் கூடாதா?" என்று கேட்டேன். "அப்படியும் செஞ்சிருக்காங்க சார். 2012-ல 'லே மிஸராப்ள்' படத்துல எல்லாரும் நேரடியாப் பாடினாங்க. வெளியே தெரிஞ்ச மைக்கையெல்லாம் கிராஃபிக்ஸ்ல அழிச்சாங்க" என்றாள். நான் மச்சினன் மகனைப் பார்த்தேன். அவன் பட்ஜெட் நோட்டைப் பார்த்தான். ரோமம் விலை மலிவு என்று முடிவாயிற்று.

மைக்கிலிருந்து கிளம்பும் மெல்லிய ஒயர் இடுப்பில் கட்டிய ட்ரான்ஸ்மிட்டருக்குப் போகிறது. அது அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோவிலிருந்து வந்த லெக்ட்ரோசானிக்ஸ். அதன் வாலாகத் தொங்குவது ஆன்டெனா. 500 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 60 சென்டிமீட்டர். அதில் கால்பங்காக 15 சென்டிமீட்டர் வால். அந்த வாலை மடிக்கக் கூடாது, தோலில் ஒட்டவும் விடக் கூடாது. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இந்த அலைகளைக் குடித்துவிடும். முதலில் முதுகுப் பக்கம் கட்டிப் பார்த்தார்கள். ரிசீவர் எனக்கு எதிரே இருந்தது. நடுவில் நான் இருந்தேன். "சார் கொஞ்சம் அதிகமா..." என்று அந்தப் பெண் தொடங்கி, பொருத்தமான சொல் கிடைக்காமல், "...அகலமா இருக்கீங்க" என்று முடித்தாள். ட்ரான்ஸ்மிட்டர் இடுப்பின் பக்கவாட்டுக்கு மாறியது. ரிசீவருக்கு இரண்டு ஆன்டெனா. சுவரில் மோதித் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஓர் ஆன்டெனாவில் சத்தம் செத்துப்போனாலும், சற்றுத் தள்ளியிருக்கும் மற்றதில் உயிரோடிருக்கும். ரிசீவர் அதை எடுத்துக்கொள்ளும்.

ஃபேன் இல்லாத மே மாதம். வியர்வை ட்ரான்ஸ்மிட்டருக்குள் புகுந்தால் லட்சக்கணக்கில் நஷ்டம். அதற்கும் சவுண்ட்காரர்களிடம் பழைய வைத்தியம் உண்டு. ட்ரான்ஸ்மிட்டருக்கு ஒரு ரப்பர் உறை. ஆமாம், அதேதான். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத வகை. யூனிட்டில் எல்லோரும் வேலையாக இருந்ததால் வெட்டியாக நின்ற தாத்தாவை அனுப்பினார்கள். தெருமுனை மருந்துக்கடைக்காரர் எனக்கு ரத்த அழுத்த மாத்திரை மட்டுமே கொடுத்துப் பழகியவர். குரலைத் தாழ்த்தி, "நிரோத்" என்றேன். 1968-ல் அரசாங்கம் அறிமுகப்படுத்திய பெயர். என் வயதுக்காரர்களுக்கு வேறு பெயர் வாயில் வராது.

"யாருக்கு சார்?"

"மைக்குக்கு."

கடைக்காரர் யோசித்தார். "மாடி போர்ஷனுக்கு வெள்ளைக்காரன் குடி வந்திருக்கானா?"

விளக்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், அதில் ஒருவர் எங்கள் ஆடிட்டர். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மைக் இப்போது எப்படி இருக்கிறார் என்று கடைக்காரர் இன்னமும் விசாரிக்கிறார்.

திரும்பி வந்தபோது அலைவரிசைப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு ட்ரான்ஸ்மிட்டர், ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை என்று பங்கு போட்டுவிட்டால் தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஒன்று 500, இன்னொன்று 500.4 என்று வைத்தால், இரண்டும் கலந்து யாரும் கேட்காமலே 499.6-லும் 500.8-லும் பேய்ச் சிக்னல்கள் முளைக்கும். மூன்றாவது ஆளுக்கு 500.8 என்று சம இடைவெளியில் அழகாக வைத்தீர்களோ, தொலைந்தது. என் தங்கையும் என் மனைவியும் ஒரே அறையில் பேசிக்கொண்டால், இருவருமே சொல்லாத மூன்றாவது பேச்சு ஒன்று பிறந்து குரோம்பேட்டை வரை போய்ச் சேருமே, அந்த மாதிரி. எனவே இடைவெளிகளைக் கோணல்மாணலாகத்தான் வைக்க வேண்டும். அதற்கு ஒரு கம்ப்யூட்டர் கணக்கே இருக்கிறது. அதோடு டிவி நிலையங்கள், செல்போன் கம்பெனிகள் எல்லாம் அதே வானத்தைப் பங்கு கேட்கின்றன. அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஏலம் விட்டுவிட்டார்கள். அங்கே 2020 ஜூலைக்குப் பிறகு அதில் ஓடிய மைக் செட்டுகளைப் பெரும்பாலும் தொடக்கூடாது; நேற்று வரை நன்றாக வேலை செய்த சாமான்கள் அத்தனையும் சட்டவிரோதம்.

ஒட்டின மைக், கட்டின பெட்டி, உறை, வால் எல்லாவற்றோடும் நான் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டு மச்சினன் மகன் தேற்றினான். "மாமா, 'மை ஃபேர் லேடி'ல ரெக்ஸ் ஹாரிசன், முன்னாடியே ரெக்கார்ட் பண்ணின பாட்டுக்கு வாயசைக்க மாட்டேன்னுட்டார். டைக்குள்ள ஒயர்லெஸ் மைக்கை ஒளிச்சு வெச்சு நேரடியாவே எடுத்தாங்க. 1964. படத்துக்குச் சவுண்டுக்கு ஆஸ்கர், அவருக்கு நடிப்புக்கு ஆஸ்கர்." நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். முட்டி சத்தம் போட்டது. "கட்" என்றார்கள்.

சாதனத்தின் முழு வீரியமும் மதிய இடைவேளையில்தான் தெரிந்தது. எனக்குக் கொழுப்பு ஏறியிருப்பதால் முறுக்கு ஸ்டோர் ரூம் மேல்தட்டில், அரிசி டின்னுக்குப் பின்னால் தலைமறைவாக இருக்கும். எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். நடுவே இரண்டு சுவர். நான் ஓசைப்படாமல் ஸ்டூல் போட்டு ஏறி, ஓசைப்படாமல் மூடியைத் திறந்து, ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். ஓசைப்படாமல் முறுக்கைக் கடிக்கும் வித்தையை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ரெக்கார்டிஸ்ட் பெண் நாகரிகம் தெரிந்தவள். இடைவேளையில் நடிகர்களின் மைக்கைத் தன் காதில் விழாதபடி அணைத்து வைப்பது அவர்கள் தொழில் தர்மம், காதில் விழுந்ததை வெளியே சொல்லாததும்கூட. டைரக்டரின் ஹெட்ஃபோனுக்கு அந்த தர்மம் பொருந்தவில்லை. வாசலிலிருந்து குரல் வந்தது: "மாமா! தேன்குழலா, கைமுறுக்கா?"

"என்னங்க!" என்றது சமையலறை.

மொட்டை மாடிக்குப் போனால் சிக்னல் எட்டாதல்லவா என்று அந்தப் பெண்ணிடம் தனியாக விசாரித்தேன். 100 மில்லிவாட்தான், எட்டாமல் போகலாம் என்றாள். ஆனால் ஜாக்ஸ்காம் மாதிரிச் சில ட்ரான்ஸ்மிட்டர்கள், ரிசீவருக்கு எட்டினாலும் எட்டாவிட்டாலும் தமக்குள்ளேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளுமாம். முறுக்கு விஷயத்தில் அதோடு நான் நிராசையானேன்.

வசனம்? சொன்னேன். நன்றாகவே சொன்னேன். "வந்தவங்களுக்குக்..." என்றதும் மேலே ஒரு விமானம் வரும், இறங்கும். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் என் குரல் விமானத்தை மீறிக் கேட்கத்தான் செய்ததாம். ஆனால் ஒரு ஷாட்டில் விமானம் பறந்து அடுத்த ஷாட்டில் காணாமல் போனால், வெட்டி ஒட்டும்போது பாதி வசனத்தில் விமானம் விழுந்துவிட்ட மாதிரி இருக்கும். அதனால் வானம் ஓயும்வரை எல்லோரும் காத்திருந்தோம். வானம் ஓய்ந்தால் என் வயிறு ஆரம்பித்தது.

கடைசியில் ரூம் டோன். யாரும் அசையாமல் ஒரு நிமிடம் நிற்க, அந்த அறையின் வெறும் மௌனத்தைப் பதிவு செய்வார்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே விழும் பள்ளங்களை அடைக்க அது வேண்டும். எல்லோரும் சிலையானோம். கால் நிமிடம் போயிருக்கும், என் தொண்டையில் ஏதோ நின்றது. கனைத்தேன். எங்கள் வீட்டில் என் கனைப்புக்குப் பொருள் உண்டு. அதிகாலை, நடுமதியம், சாயங்காலம் எப்போது கேட்டாலும் ஒரே பொருள். உள்ளேயிருந்து மனைவி, "வரேன் வரேன், டிகாஷன் இறங்கட்டும்" என்று குரல் கொடுத்தாள். ரூம் டோன் ரத்து.

ரெக்கார்டிஸ்ட் பெண் கோபப்படவில்லை. ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு, "சார், அதை இன்னொரு தடவை பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். "இன்னும் கொஞ்சம் தூரத்திலேர்ந்து." ரேழியில் நின்று கனைத்தேன். "கொஞ்சம் கோபமா." நடிப்பு என்றால் என்ன என்று அன்றைக்குக் காட்டினேன்.

எடிட் முடிந்ததும் மச்சினன் மகன் லேப்டாப்போடு வந்தான். ஈஸி சேர் காட்சியே இல்லை. பேப்பர் இல்லை, வசனம் இல்லை, நான் இல்லை. படத்தில் தாத்தா என்பவர் முகமே காட்டாமல் உள்ளறையில் கனைத்துக்கொண்டேயிருக்கிறார். வீடே அதற்கு நடுங்குகிறது. "பிரமாதமா வொர்க் ஆகுது மாமா!" என்றான். நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது லேப்டாப்பில் அடுத்த கனைப்பு வந்தது; கோபமானது.

சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: "இப்பத்தானே குடிச்சீங்க? இனிமே நாலு மணிக்குத்தான்."