ஒன்பது நாளில் நாலு ஊர்

ஒன்பது நாள், நாலு ஊர், ஒரு காடு, ஒரு தீவு. பயண அட்டவணையைப் படித்ததுமே எனக்குக் கால் வலித்தது. சிங்கப்பூரில் மெர்லயன் சிலையின் வாயிலிருந்து கொட்டும் தண்ணீரைக் குடிப்பதுபோல் ஆளுக்கொரு படம். கோலாலம்பூரில் 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தைப் படத்துக்குள் அடக்க வீட்டுக்காரர் நடைபாதையில் மல்லாந்தே விட்டார். பத்துமலையில் 272 படி. முருகன் நிதானமாகத்தான் நின்றார். வழிகாட்டிதான் கடிகாரத்தைக் காட்டினார்.

தாமான் நெகாரா காட்டுக்கு வயது 13 கோடி ஆண்டு என்கிறார்கள். எங்களுக்கு ஒதுக்கியது அரை நாள். புலியும் வரவில்லை, யானையும் வரவில்லை. தேடி வந்து வரவேற்றது அட்டை மட்டும்தான். மொத்தப் பயணத்திலும் ஆற அமரச் சாப்பிட்ட ஒரே ஜீவன் அது.

கடைசியாகத் தாய்லாந்தின் பீபீ தீவுகள். அங்கே மாயா விரிகுடாவில் கூட்டம் மிதித்துப் பவளப்பாறை நொந்துபோனதால், 2018இல் மூடி 2022இல்தான் திறந்தார்கள். கடற்கரைக்கே மூன்றரை ஆண்டு விடுப்பு! இப்போதும் வருஷாவருஷம் ஆகஸ்ட், செப்டம்பரில் அதற்கு ஓய்வு உண்டு.

அலுவலகத்தில் எனக்கு மிச்சமிருக்கும் விடுப்பு ஒன்றரை நாள்.