துப்பறிய ஆள் தேவை

கேள்வி: ஜெர்மனியில் 1914-லேயே ஸ்டூவர்ட் வெப்ஸ் என்ற துப்பறிவாளரை வைத்து ஊமைப்படங்கள் எடுத்தார்களாமே! நம்மூரில் உண்டா?
- வாசகர், மயிலம்

பதில்: நம்மூர் ஊமைப்படங்களைக் கண்டுபிடிக்கவே ஒரு துப்பறிவாளர் வேண்டும் ஐயா! நடராஜ முதலியாரின் 'கீசக வத'த்தில் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. நாகர்கோவில்காரர் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' பிழைத்தது வழக்கின் புண்ணியத்தில். படத்துக்கு மூலமான நாவலின் பதிப்பாளர் கோர்ட்டுக்குப் போக, படம் முடங்கி, பத்திரமாகக் கிடந்தது. இப்போது புனே காப்பகத்தில் இருக்கிறது.

பேசும் துப்பறிவாளர் போதுமென்றால், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'திகம்பர சாமியார்' (1950) பாருங்கள். வடுவூர் துரைசாமி ஐயங்கார் கதை. குற்றவாளிகளை மடக்க நாயகன் போடுவது 11 வேஷம்! அந்த நாயகன் யார் தெரியுமா? பிறகு எம்.ஜி.ஆரிடம் படத்துக்குப் படம் உதை வாங்கிய நம்பியார்தான்.