ஐந்து கிலோமீட்டர்க்காரரும் ஓட்டக்காரரே

சிங்கப்பூர் நெட்டோட்டக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பெயரைக் கேட்பதற்கு முன்னால் தூரத்தைக் கேட்பார்கள். முழுசா, பாதியா, பத்தா? ‘ஐந்து’ என்று சொல்லிவிட்டால் போதும், மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்தவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. என் கட்சி வேறு. நெடுந்தூர விளையாட்டைத் தாங்கி நிற்பவர்களே குறுந்தூரக்காரர்கள்தான். சுவா சூ காங்வாசிகளுக்கு இதைச் சொல்லத் தனி உரிமை உண்டு. எம்ஆர்டியில் இரண்டே நிறுத்தம் தள்ளி, கிராஞ்சியில், 2024 அக்டோபர் 5 வரை பந்தயக் குதிரைகள் ஓடின. அவற்றை ஓடவிட்டது 1842இல் தொடங்கிய குதிரைப் பந்தய மன்றம்; பந்தயம் முதலில் ஃபேரர் பார்க்கில் நடந்தது, தேக்காவின் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் தந்தது. கிராஞ்சிக் குதிரைகள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு லாயத்துக்குத் திரும்பின. ‘மீதி நாற்பது எங்கே?’ என்று யாரும் அவற்றைக் கேட்டதில்லை.

நெடுந்தூரக் குதிரைச் சவாரியிலும் இந்தப் பந்தி பிரித்தல் உண்டு. அமெரிக்காவில் 50 மைலும் அதற்கு மேலும் போனால்தான் நெடுந்தூரம். 1955இல் தொடங்கிய டெவிஸ் கோப்பைக்கு 24 மணி நேரத்தில் 100 மைல் போக வேண்டும். 25 மைல் முதல் 50க்குள் போகிறவர்கள் தனிப் பிரிவு. ஆனால் விதியைப் பாருங்கள். 50 மைல்காரர் கோட்டைத் தாண்டிய நேரமே அவருடைய நேரம். குறுந்தூரக்காரருக்கோ குதிரையின் நாடி நிமிடத்துக்கு 60க்கு இறங்கும்வரை கடிகாரம் நிற்காது. இடது முன்னங்கால் நெஞ்சோடு சேரும் இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து 15 விநாடி எண்ணுவார்கள். 15 துடிப்புக்கு மேல் கேட்டால் இன்னும் தண்ணீர் ஊற்று, ஆற வை. கடைசி மைலில் விரட்டிக்கொண்டு வந்தவர் அங்கே நின்றபடியே தோற்பார். குதிரையின் உடம்பறிந்து ஓட்டும் கலையை இதைவிடக் கறாராக எந்தப் பள்ளி கற்றுத்தரும்?

‘அப்படியானால் தூரத்துக்கு மதிப்பே இல்லையா?’ என்பார்கள். உண்டு, முழுத்தூரம் ஓடியவருக்கு என் கும்பிடு. ஆனால் 42.195 வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்சர் அரண்மனையில் புறப்பட்டு, அரச குடும்பத்தார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்த கணக்கு, 1921இல்தான் நிலைத்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டிருந்தால் நம் பெருமையும் அத்தனை மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ‘குறுந்தூரக்காரர்கள் டி-சட்டைக்காக வருகிறார்கள்’ என்பது அடுத்த குற்றச்சாட்டு. வரட்டுமே! அவர்கள் கட்டும் கட்டணமும் சேர்ந்துதான் சாலையை மூடுகிறது, தண்ணீர் மேசையை நிரப்புகிறது. சட்டையே தராத பார்க்ரன்னுக்கும் ஆள் வருகிறது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 2014 முதல் சனிக்கிழமைக் காலைகளில் நடக்கும் இந்த 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, நடத்துவது தொண்டூழியர்கள். அவர்களில் ஒருவர் எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவார், வேறு எவரும் கடைசியாக வந்துவிடக் கூடாது என்பதற்காக. முந்துகிறவர்களை மட்டும் வைத்து இப்படியொரு ஏற்பாடு தோன்றியிருக்காது.

ஆகவே என் பரிந்துரை: நெட்டோட்டத்திலும் கோட்டைத் தாண்டியவரின் நாடியைப் பிடித்து, அது இறங்கிய நேரத்தையே முடிவு நேரமாக எழுதட்டும். ஐந்து கிலோமீட்டர்க்காரர் காப்பிக்கடையில் தே ஓ கோசோங் குடித்து முடித்திருப்பார். நாற்பத்திரண்டுக்காரர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பார், முதலுதவிக் கூடாரத்தில் படுத்தபடியே.