டிக் போட்ட கை

எங்கள் கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ‘மருந்துகள் குறித்து நோயாளிக்கு விளக்கப்பட்டது’ என்று அச்சடித்திருக்கும். பக்கத்தில் ஒரு டிக், கீழே ஸ்டாஃப் நர்ஸ் கையெழுத்து. அந்த டிக்கை நான் அழகாகப் போடுவேன். என் வேலையில் இதுவரை யாரும் குறை சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.

நான் ஒரு தாலுகா மருத்துவமனையில், தொற்றாநோய்ப் பிரிவில் இருப்பவள். சுகர், பிரஷர், தைராய்டு என்று காலை ஏழரைக்கே வரிசை கேட் வரைக்கும் போய்விடும். இதில் ஹார்மோன் சம்பந்தப்பட்ட மருந்துகளுக்குத் தனிக் குணம் உண்டு. காய்ச்சல் மாத்திரையை எப்படி முழுங்கினாலும் ஓரளவுக்கு வேலை செய்துவிடும். தைராய்டு மாத்திரையும் இன்சுலினும் அப்படி இல்லை. எத்தனை மணிக்கு, எதற்கு முன்னால், உடம்பில் எந்த இடத்தில், எந்தச் சிரிஞ்சில் என்பதெல்லாம் கூடி வந்தால்தான் அது மருந்து. இவ்வளவையும் நர்ஸ் வாயால் சொல்லியாக வேண்டும். எனக்கு வாய்க்குக் குறைச்சல் இல்லை. காது விஷயத்தில்தான் கொஞ்சம் கஞ்சத்தனம்.

நோயாளிகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று வெகுகாலம் புலம்பிக்கொண்டிருந்தேன். நின்று யோசித்துப் பார்த்தால், என்னிடம் சிக்கிச் சீரழிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தவர்கள்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். கணக்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. காலையில் 20 யூனிட் இன்சுலின் என்று டாக்டர் எழுதியிருந்தார். குப்பியிலிருந்து இழுத்துக் காட்டி, “20-ஆம் கோடு வரைக்கும் இழுங்கய்யா, குமிழி இருந்தா சுண்டிவிட்டுட்டு மறுபடி பாருங்க” என்றேன். அவரும் செய்து காட்டினார். கச்சிதம். டிக்.

அடுத்த தடவை வந்தபோது வெறும் வயிற்றிலேயே 280. “மாம்பழமா?” என்றேன். இல்லை என்றார். “பேரன் பிறந்தநாளா?” பேரனே இல்லை என்றார். அவர் மனைவியைத் தனியாக அழைத்துப் போலீஸ் மாதிரி விசாரித்தேன். அந்த அம்மா, தன் வீட்டுக்காரர் ஒரு வில்லை அல்வா கூடத் தொடவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. டாக்டர் 24 ஆக்கினார், பிறகு 28. கோடு ஏற ஏற எனக்குச் சந்தேகமும் ஏறியது. மனுஷர் எங்கேயோ ஒளித்துவைத்துத் தின்கிறார்!

உண்மையைக் கண்டுபிடித்தது நான் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கிவைத்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடுவீடாகப் போய் மருந்து கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் கண்டக்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “ஊசிய எடுத்துட்டு வாங்க தாத்தா, பாப்போம்” என்று கேட்டிருக்கிறார். வந்த சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. உடனே எனக்கு போன்.

நம் ஊரில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கென்று சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்ச் இருக்கிறது. ஆரஞ்சு மூடி போட்டது ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கும் மருந்துக்கு. நாங்கள் கொடுத்த சிரிஞ்ச் தீர்ந்ததும் மகன் கடையில் வாங்கி வந்தது ஆரஞ்சு. ஐயா நான் சொன்ன 20-ஆம் கோட்டை விடவே இல்லை. ஆனால் அந்தச் சிரிஞ்சில் 20-ஆம் கோடு என்பது 0.2 மில்லி. 40 யூனிட் குப்பியிலிருந்து 0.2 மில்லி எடுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட். இருபது ரூபாய் டிக்கெட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கியிருக்கிறார், கண்டக்டராக இருந்தும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கோட்டைச் சொன்ன நான் மூடியைச் சொல்லவில்லை. டோஸை 28-க்கு ஏற்றிய பிறகு வீட்டில் ஒரு சிவப்பு மூடி கைக்கு அகப்பட்டிருந்தால் மனுஷர் விடிகாலையில் மயங்கிக் கிடந்திருப்பார். தலைகீழாக, 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் இழுத்திருந்தால் இரண்டரை மடங்கு போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “அல்வா விசயத்துல நீங்க கேட்டது தப்பில்ல சிஸ்டர், பொங்கலுக்குத் தின்னாரு” என்றார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இன்சுலின் கதையில் ஆரம்பமே சரியில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற பதினாலு வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் போட்டார்கள். முதல் ஊசி சரிப்பட்டு வரவில்லை. போட்ட இடத்தில் சீழ்வைத்ததுதான் மிச்சம். மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி, அதே மாதம் மறுபடி போட்டபோதுதான் சர்க்கரை இறங்கியது. ஆனால் அவர்கள் பன்னிரண்டே நாளில் தங்கள் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டார்கள். என்னுடையதைக் கண்டுபிடிக்கத் திண்ணைக்கு ஆள் போக வேண்டியிருந்தது.

“ஃப்ரிட்ஜில வைங்க, ஃப்ரீசர்ல வைக்காதீங்க” என்பது என் இன்னொரு மனப்பாடம். ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது பாடத்தில் இல்லையோ என்னவோ, எனக்குத் தோன்றவில்லை. ஒரு தாத்தா மருந்தைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டார் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போய்விட்டார்கள். மூன்று நாள் ஊசி இல்லை. “நீங்கதானம்மா ஃப்ரிட்ஜுன்னு சொன்னீங்க” என்றார், கோபம்கூட இல்லாமல். பிரித்த குப்பி அதிக வெக்கை படாத இடத்தில் நாலு வாரம் தாங்கும். நம் சித்திரை வெயிலுக்கு, குப்பியை மூடியுள்ள டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீரில் வைத்தால் போதும். பானை இல்லாத வீடு அந்தத் தெருவில் கிடையாது.

அடுத்தது ஒரு பாட்டி. தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் கொழுக்கட்டை மாதிரி மேடு. தினமும் அதே இடத்தில் குத்திக் குத்தி, தோலுக்கடியில் கொழுப்பு திரண்டுவிட்டது. ஏன் இடம் மாற்றவில்லை என்று கேட்டேன். “வலிக்காத இடமாப் பாத்துப் போடுங்கன்னு நீதானத்தா சொன்ன? அங்கதான் வலிக்கவே மாட்டேங்குது.” நான் சொன்னது தொப்புளை ஒட்டி வேண்டாம், மச்சம், தழும்பில் வேண்டாம் என்பதற்காக. ஆனால் அந்த மேட்டில் உணர்ச்சி குறைவு, வலிக்காதுதான். மருந்து அதற்குள் போனால் ஒருநாள் உறிஞ்சும், ஒருநாள் அப்படியே கிடக்கும். சர்க்கரை ஊஞ்சலாடியதற்கு அதுதான் காரணம்.

இதோடு என் அறிவு தீர்ந்துபோயிருந்தால் நல்லது. பெரிய மேதாவி மாதிரி, “இன்னையிலருந்து தொடையில போடுங்க” என்று இடத்தை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன். புது இடத்தில் மருந்து முழுசாக உறிஞ்சப்படும், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும், டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. அன்று ராத்திரியே பாட்டிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டியிருக்கிறது. நான் ஏற்கனவே சொல்லிவைத்திருந்தேன்: அப்படி வந்தால் உடனே இனிப்பு. மருமகள் ஓடிப்போய் எடுத்து வந்தது, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்று கடையில் விற்கும் சுகர்ஃப்ரீ பிஸ்கட். சுகர் ஆளுக்குச் சுகர் பிஸ்கட், கணக்கு சரிதானே? அப்புறம் கொள்ளுப்பேரனின் குளுக்கோஸ் பொடி காப்பாற்றியது. இப்போதெல்லாம் ‘இனிப்பு’ என்று சொல்வதில்லை. “மூணு டீஸ்பூன் சீனி, அரை டம்ளர் தண்ணில. கால் மணி நேரத்துல தெளியலேன்னா இன்னொரு தடவை. தெளிஞ்சதும் சாப்பாடு. ஆள் மயங்கிட்டா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.” கல்கண்டு, கடலைமிட்டாய், சாக்லேட் எல்லாம் அந்த நேரத்துக்கு மெதுவான சாமான்கள்.

மெட்ஃபார்மின் விஷயம் கொஞ்சம் அசிங்கம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் போனை நீட்டி, “சிஸ்டர், மாத்திரை கரையாம அப்படியே வெளிய வந்திருச்சு” என்று படம் காட்டினார். என்ன படம் என்று விவரிக்க வேண்டாம். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. “நல்லா மென்னு முழுங்குங்க” என்றேன். பார்மசி கவுண்ட்டரில் இருந்தவர் காதில் அது விழுந்து, அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையில் மருந்து கசிந்து வெளியேறிய பிறகு கூடு மட்டும் வயிற்றோடு பயணம் போகும். வெளியே வருவது அந்தக் காலிக் கூடு. மென்றால்தான் வம்பு, நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரே அடியாக இறங்கும். பார்மசிக்காரர் இதை இரண்டு வரியில் சொல்லி முடித்தார். நோயாளி அதற்கப்புறம் சந்தேகம் எதற்கும் என்னிடம் வந்ததில்லை.

ஒன்றை மட்டும் இந்தச் சிரிப்புக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. முடக்குவாதத்துக்குப் பல மாதமாக பிரெட்னிசொலோன் சாப்பிட்டுவந்த ஒரு தையல்கார அம்மா. கூடுதல் அக்கறையோடு பக்கவிளைவுகளை அடுக்கினேன்: முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும். காலையில் சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்றும் சொன்னேன். ‘நீங்களாக நிறுத்தக் கூடாது’ என்பதைக் கடைசியில், அடுத்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னேன். அந்த அம்மாவுக்கு முன்பாதிதான் கேட்டது. வீட்டுக்குப் போய் அன்றே நிறுத்திவிட்டார். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். மாத்திரை திடீரென்று நின்றால் அது உடனே எழுந்து வேலைக்கு வராது. வாந்தி, தள்ளாட்டம், விழுந்துபோன பிரஷர் என்று ஸ்ட்ரெச்சரில் வந்தார். ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் போட்டுப் பிழைத்துக்கொண்டார். இப்போது நிறுத்தக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். காய்ச்சல் வந்தாலும் வாந்தி வந்தாலும் நிறுத்தாமல் ஓடி வாருங்கள், அப்போது அது கூடுதலாகவே தேவைப்படும் என்பது இரண்டாவது. முகம் உப்புவது அப்புறம்.

சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்வது என்று ஒரு முறை இருக்கிறது. நர்சிங் படிப்பிலேயே வரும். “புரிஞ்சதா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், “வீட்ல போய் எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க பாப்போம்” என்று கேட்க வேண்டும். கேட்டால் ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆகிறது, வரிசை முணுமுணுக்கிறது. அதனால் பாதி நாள் கேட்கிறேன், பாதி நாள் டிக் போடுகிறேன்.

என் சொந்தத் தைராய்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எனக்கும் தைரொக்ஸின்தான், பல வருஷமாக. வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு, பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நாலு மணி நேரம் தள்ளி. இதைக் கவுண்ட்டரில் ராகம் போட்டுச் சொல்கிறவள் நான். ஓர் அக்கா காபியோடு போடுகிறேன் என்று சொன்னபோது, “காபி குடிச்சா அது வெறும் வயிறாக்கா?” என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி அதட்டினேன். அவர் திருதிருவென்று விழித்தார். பல் துலக்கியதும் காபி என்பது நம் வீடுகளில் சாப்பாட்டுக் கணக்கில் வராது, தண்ணீர்க் கணக்கு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஐந்து மணிக்கு இடது கையில் டம்ளர், வலது கையில் மாத்திரை.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருந்தது, அதாவது மாத்திரை போதவில்லை. டாக்டர், “காலையில வெறும் வயித்துலதானே போடுறீங்க?” என்றார். “ஆமா சார்” என்றேன், கூச்சமே இல்லாமல். நர்ஸ் சொல்லும்போது நம்பாமல் இருப்பாரா? 75 மைக்ரோகிராம் 100 ஆனது. அதற்கப்புறம் என் ஷிஃப்ட் மாறி, மாத்திரை டிபனுக்கு வெகு முன்னால், காபி இல்லாமல் போகத் தொடங்கியது. ஆறேழு வாரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, நானே என் நோட்டோடு வரிசையில் நின்றேன். காபியை ஒப்புக்கொண்டேன். டாக்டர் திட்டவில்லை. டோஸைப் பழையபடி 75 ஆக்கிவிட்டு, “ஷிஃப்ட் இப்படி மாறுதுன்னா ராத்திரி போட்டுக்கங்க, கடைசியா சாப்பிட்டு மூணு மணி நேரம் விட்டு” என்றார்.

நல்ல யோசனைதான். எட்டு மணிக்குச் சாப்பிட்டால் பதினொன்றுக்கு மாத்திரை. பத்தரைக்கு எங்கள் வீட்டில் முறுக்கு டப்பா திறக்கும் சத்தம் கேட்கிறது. திறப்பது என் வீட்டுக்காரர் இல்லை.