விலை கூடிய பவுடரை வீணாக்குவது எப்படி?

பட்டறையில் பிளாஸ்மா ஆர்க் மெஷின் வந்து இறங்கிவிட்டதா? பூசணிக்காய் உடைத்தாயிற்றா? இனி இரும்பு அடிப்படைப் பவுடரை உருக்கி, தேயும் பாகங்களின் மேல் கடினப் பூச்சு ஏற்றும் ஹார்டுஃபேசிங் செய்யலாம். கையேட்டைப் பிரிக்க வேண்டாம். அதைக் கிரைண்டர் ஆடாமல் இருக்க அடியில் கொடுங்கள்.

பவுடர் டப்பாவைத் திறந்தே வையுங்கள். உள்ளே இருப்பது வாயுவைப் பீய்ச்சிச் சிதறடித்து எடுத்த உருண்டை மணிகள். பெரும்பாலும் 50 முதல் 150 மைக்ரான். உருண்டையாக இருப்பதால்தான் ஃபீடரில் தடையின்றி ஓடும். ஐப்பசி ஈரம் கொஞ்சம் ஏறட்டும். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும், பவுடர் விட்டுவிட்டு விழும், வெல்டிங் பீடில் ஊசித் துளைகள் வரும். பவுடரைக் காயவைக்கும் மின் அடுப்பில் மதியச் சாப்பாட்டுக் கேரியரை வைப்பதுதான் நம் மரபு. கீழே சிந்திய பவுடரைப் பெருக்கி அள்ளி ஃபீடரிலேயே கொட்டுங்கள். கிரைண்டர் தூசியும் இரும்புதானே?

அடுத்து டார்ச். டிக் வெல்டிங்கில் டங்ஸ்டன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதில் செம்பு நாசிலுக்குள் ஒளிந்திருக்கும். 1957-இல் ராபர்ட் கேஜ் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் சூட்சுமமே ஆர்க்கை அந்தச் சின்னத் துளை வழியாகப் பிழிந்து அனுப்புவதுதான். டங்ஸ்டன் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று அளவுமானி வைத்துப் பார்ப்பவர்களைப் பார்த்துச் சிரியுங்கள். கூலிங் தண்ணீரையும் பாதியாகக் குறையுங்கள். ஆர்க் நாசிலுக்கு ஒருமுறை, ஜாபுக்கு ஒருமுறை என்று இரண்டாகத் தாவும். துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும்.

இனிதான் முக்கியமான கட்டம்: கரண்ட். கூட்டுங்கள். "நல்லா இறங்கிப் பிடிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே கூட்டுங்கள். இந்த முறைக்கு இவ்வளவு பணம் கொட்டியதே தாய் உலோகம் மேலே கலக்காமல் இருக்கத்தான். ஒழுங்காகச் செய்தால் கலப்பு 5 முதல் 15 சதவீதத்தில் நிற்கும். பவுடரில் 27 சதவீதக் குரோமியம், அடியில் சாதா மைல்டு ஸ்டீல் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் கலந்தால் பீடில் 24 சொச்சம் மிஞ்சும். நீங்கள் ஆம்பியரை ஏற்றி நாற்பது சதவீதம் கலந்துவிட்டால் மிச்சம் 16தான். கார்பனும் அதே கணக்கில் இறங்கும், கார்பைடு குறையும், கடினத்தை அளக்கும் ராக்வெல் முள் பாதியிலேயே நின்றுவிடும். பவுடர் கம்பெனிக்கு உடனே புகார் எழுதுங்கள்.

பிரீஹீட்டா? எச்சில் தொட்டு வைத்துச் 'சுர்' என்றால் போதும். நடுத்தரக் கார்பன் ஸ்டீலை 250, 300 டிகிரிக்குச் சூடேற்றி, வேலை முடிந்ததும் மணலில் புதைத்து மெல்ல ஆறவிடுவதெல்லாம் பொழுது போகாதவர்கள் வேலை. ஃபேனைத் திருப்பி வையுங்கள். ராத்திரி ஷிஃப்டில் எல்லோரும் டீக்குப் போனபின் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். பயப்படாதீர்கள், ஜாப் விரிசல் விடுகிறது, அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் "ஏன் ஸ்டெல்லைட் போடவில்லை?" என்று கேட்டால், அது கோபால்ட், விலை அதிகம் என்று வெறுமனே சொல்லாதீர்கள். அணு உலைக்குள் கோபால்ட் கதிரியக்கக் கோபால்ட்-60 ஆகும், அது பாதியாகக் குறையவே ஐந்தாண்டுக்கு மேல் பிடிக்கும், அதற்காகவே கோபால்ட் இல்லாத இரும்புக் கலவைகளை உருவாக்கினார்கள் என்று விளக்குங்கள். அத்தனையும் உண்மை. அவர் கொண்டுவந்தது கரும்பாலைக் கத்தி என்பதை மட்டும் மறந்துவிடுங்கள்.

கடைசியாக விரிசல். சரிவுத் தொட்டிகளுக்குப் போடும் உயர் குரோமியம் கார்பைடு பூச்சில் குறுக்கு விரிசல் சகஜம். இறுக்கம் அதன் வழியாகத்தான் தளர்கிறது. இந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் ஓட்டலாம். நீராவி வால்வு சீட்டில் விரிந்தாலும், "ரிலீஃப் கிராக் சார், இருக்கத்தான் செய்யும்." வாடிக்கையாளர் நம்பாமல், விரிசலைக் காட்டும் பெனட்ரன்ட் சாயம் அடித்து, வெள்ளை டெவலப்பர் மேல் சிவப்புக் கோடுகள் எழும்பி வரும்போது, பேஸ் மெட்டல் சரியில்லை என்று ஆரம்பியுங்கள். அதைக் கொண்டுவந்தவர் அவர்தானே.