சிக்கரிக்குச் சிவகிரி சரிப்படுமா?

கேள்வி: காபிப் பொடியில் கலக்கும் சிக்கரியைக் கீரையாக வளர்த்தால் வெட்ட வெட்டத் துளிர்க்குமாமே? சிவகிரியில் முடியுமா?

பதில்: முடியும், கார்த்திகையில் விதைத்து மாசியோடு ஆசையை முடித்துக்கொண்டால்! சிக்கரி குளிர் விரும்பி. வேருக்காக வளர்க்கும் குஜராத்திலும் அது பனிக்காலப் பயிர்தான். வெயில் ஏறினால் பூத்தண்டு கிளம்பி இலை மேலும் கசக்கும். 'குற்றாலச் சாரல் பக்கத்தில்தானே?' என்பீர்கள். சாரல் சில மாத விருந்தாளி. அதை நம்பிப் பாத்தி கட்ட முடியாது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் கீரைதான் வேண்டுமென்றால் அரைக்கீரையை விதையுங்கள்; அது நம்மூர் வெயிலுக்குப் பழகியது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-3 ரகம், விதைத்த 20 நாளில் தொடங்கி 10 அறுப்பு வரை தரும். வேரோடு பிடுங்கினால் கட்டு பெரிதாயிருக்குமே என்றால், அது ஒரு நாள் பெருமை. இரண்டு விரல் தண்டை விட்டு வெட்டினால் கணுவில் துளிர்க்கும். தள்ளிப்போட்டால் பூத்து நாராகும். அறுத்த கையோடு தொழுவுரமும் தண்ணீரும் கொடுங்கள். காபிக்குச் சிக்கரியைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.